திறந்திருந்த வால்வு

பாய்,

இன்று காலை மாடித் தொட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வழிந்தது. ஏறிப் பார்த்தால், நிரம்பியது வெளியே போவதற்கென்று வைத்த குழாயின் வாயில் பழந்துணி. பல்லி நுழைகிறதென்று மருமகள் அடைத்திருக்கிறாள். துணியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். நீங்கள் போய் இரண்டு வருஷமாகியும் என்னைக் கிண்டல் செய்ய எங்கிருந்தாவது வந்துவிடுகிறீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், உத்திரமேரூருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர், நீங்கள் பம்ப் ஆபரேட்டர். அமிலக் கழிவைக் கொண்டுபோகக் குழாய்க்குள் குழாய் போட்டிருந்தோம். உள்குழாய் கசிந்தால் வெளிக்குழாய் பிடித்துக்கொள்ளும். அதன் தாழ்ந்த முனையில் எப்போதும் திறந்திருக்க வேண்டிய ஒரு சின்ன வால்வு, கீழே, கசிவு சொட்டினால் கண்ணில் படுவதற்கென்று, ஒரு கேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நெல்வயலும் கிணறும். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாமெல்லாம் குடித்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று அந்த வால்வை மூடியவன் நான். அவர்கள் போனபின் திறக்க மறந்தேன். மறுநாள் காலை நீங்கள் பம்பைப் போடாமல் என்னைக் கூப்பிட்டனுப்பினீர்கள்.

"இன்னா நைனா, இத யாரு மூட்னது?"

"நான்தான் பாய். வாயப் பொளந்துகினு கீது, பாக்க நல்லாவா கீது?"

"உள்ள ஒடஞ்சா?"

"வெளி பைப்பு தாங்கும்."

"நீதான அதுக்குக் காத்தடிச்சி சோப்புத்தண்ணி தடவிப் பாத்த? எவ்ளோ அடிச்ச?"

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க நான் அடித்தது பேருக்குக் கொஞ்சம் காற்று. உள்குழாய் உடைந்து, மூடிய வெளிக்குழாய்க்குள் பம்பின் முழு அழுத்தமும் ஏறினால் அது எங்கே தாங்கும்? நீங்கள் கத்தவில்லை. குனிந்து வால்வைத் திறந்தீர்கள், கேனை நேராக்கி வைத்தீர்கள், பம்பைப் போட்டீர்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கேனில் மஞ்சளாகச் சொட்டியதைப் பார்த்து நீங்கள்தான் பம்பை நிறுத்தினீர்கள். உள்ளே ஒரு ஜாயிண்ட் விட்டிருந்தது. கேனில் பாதிகூட நிறையவில்லை, மண்ணில் ஒரு சொட்டு விழவில்லை. அன்று மத்தியானமும் கிணற்றுத் தண்ணீர் வந்தது. நாமெல்லாம் குடித்தோம்.

மேனேஜர் விடவில்லை. "ஆபீசருங்க வந்தப்ப அது மூடியிருந்துதாமே, யார் வேலை?" என்று எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். என் வேலை அன்றோடு போயிற்று என்றே நினைத்தேன்.

"இப்ப தொறந்துதான் சார் கீது" என்றீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில். சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்தபோதுகூட என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்குப்பின் நான் எந்த வால்வையும் அழகுக்காகத் தொட்டதில்லை.

இன்று மாடியிலிருந்து இறங்கி வந்ததும் மகன் கோபமாகக் கேட்டான், "அத யாருப்பா அடச்சது?" சமையலறை வாசலில் மருமகள் தலைகுனிந்து நின்றாள். ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இப்ப தொறந்துதான்டா கீது" என்றேன்.