செவப்பு ஒட்டின வீடியோ

செவ்வாய்

காலைலயே புழுக்கம். இருட்டிக்கிட்டு நிக்குது, மழை மட்டும் வரல.

வெளிநாட்டுக்குத் துணி வாங்கி அனுப்பற பையிங் ஆபீஸ்ல க்யூசி வேலைக்கு, அதான் தரம் பாக்கற வேலைக்கு, வீடியோ அனுப்பணும். நாளைதான் கடைசி. ஆப் இறக்கியாச்சு. என்னைப் பத்தி, துணியில தப்பு கண்டுபிடிக்கிறதப் பத்தி, நைட்டு வர முடியுமாங்கறதப் பத்திப் பேசணும். எத்தன தடவ வேணாலும் எடுக்கலாமாம். நல்லதப் பாத்து ஒண்ணு அனுப்பணும்.

நைட்டுன்னு சும்மா கேப்பாங்க, வருவேன்னு சொல்லிரு, அப்புறம் பாத்துக்கலாம்னு எங்க பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல எல்லாரும் சொன்னாங்க. இங்க ஷிப்மெண்ட் வந்தா விடிய விடிய வேலை. அதனாலதான பாப்பா ஹாஸ்டல்ல கெடக்கா. நாலாப்பு படிக்கிற பிள்ள. இது மட்டும் கெடச்சா மறுநாளே கூட்டியாந்துருவேன்.

வாங்க: பால், தேங்காய், போனுக்கு ரீசார்ஜ்.

புதன்

வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்தேன். ஒண்ணுல பக்கத்து வீட்டு மிக்ஸி. ஒண்ணுல சிரிப்பு வந்துருச்சு. ஒண்ணுல நடுவுல வீட்டுக்காரக்கா வந்து, "ஏனுங்க, பாப்பாவ எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"ன்னாங்க. "இந்த வேல கெடச்சதும்க்கா. நைட்டு இருக்காது, அவகூடவே இருப்பேன்"னேன். வீடியோ ஓடிட்டே இருந்திருக்கு. கடைசி ஒண்ணு ஜோரா வந்துச்சு. திக்கல. நைட்டும் வருவேன்னு தைரியமாச் சொல்லிட்டேன்.

அதக் கண்டுபிடிக்கறதுக்குள்ள உசிரு போச்சு. எல்லாத்துக்கும் ஒரே படம், என் நெத்தியும் காலண்டரும். பேரு கெடையாது. தொறந்தா முதல்ல இருந்து ஓடுது, தள்ளிப் பாக்க விடல. பாத்துட்டுத் திரும்பினா வரிசை மாறிக் கெடக்கு. பாத்ததையே பாத்துட்டிருக்கேன். கம்பெனி வண்டி வர்ற நேரம் வேற. இத செஞ்சவன் நல்லா இருக்கட்டும்.

மூலையில செவப்புக் குறி போட வசதி இருந்துச்சு. அப்பாடா. எங்க டேபிள்ல தப்பான பீஸுக்குத்தான் செவப்பு ஸ்டிக்கர். ஒட்டாதது பேக்கிங் போகும். அதே மாதிரி கழிச்சதுக்கெல்லாம் செவப்பு போட்டேன். நல்லத சும்மா விட்டேன். அனுப்புங்கறத அழுத்தினேன்.

"குறியிட்டவை அனுப்பப்பட்டன. மற்றவை நீக்கப்பட்டன."

வண்டில உக்காந்தப்புறம்தான் உறைச்சுது. கழிசல் பூராம் போயிருச்சு, நல்லது அழிஞ்சிருச்சு.

வியாழன்

தூக்கமே இல்ல. வேலைல கை ஓடல. சூப்பர்வைசர் ஏசினாரு.

சாப்பாட்டு நேரத்துல அந்த ஆபீஸுக்கு போன். திரும்ப எடுக்க வழியில்லீங்க, வேணும்னா நாளைக்கு நேர்ல வாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. லீவு கேட்டா இருக்கிற வேலையும் போயிருமோன்னு பயம். கேட்டுட்டேன். சூப்பர்வைசர் மொறைச்சாரு, குடுத்தாரு.

வெள்ளி

பையிங் ஆபீஸ். ஏசி குளிரு. போன்ல பேசினவர்தான் உள்ள கூப்பிட்டாரு. அவர் கம்ப்யூட்டர்ல நான். மிக்ஸி. அப்புறம் என் சிரிப்பு, அவரும் சிரிச்சாரு. அப்புறம் வீட்டுக்காரக்கா குரலு, நான் சொன்ன பதிலு, முழுசும். மானம் போச்சு.

"க்யூசிக்கும் ஷிப்மெண்ட் சமயத்துல நைட்டு உண்டுங்க. வருவீங்களா?"

வருவேன்னு சொல்லத்தான் போனேன். பாப்பா மொகம் வந்துருச்சு.

"நைட்டு முடியாது சார். பொண்ணு இருக்கா."

சரிங்க, சொல்றோம்னாரு. சொல்றோம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அழுதுக்கிட்டே நடந்தேன்.

சனி

வீட்டுக்காரக்கா ஊத்துக்குளில இருந்து வெண்ணெய் வாங்கிட்டு வந்து குடுத்தாங்க. பாப்பா வந்தா ரொட்டில தடவிக் குடுங்கன்னாங்க. வாங்கி உள்ள வச்சுட்டேன். வேல கெடைக்காதுன்னு சொன்னா அழுதுருவேன்.

ஞாயிறு

ஹாஸ்டலுக்குப் போகல. போனா எப்பம்மான்னு கேப்பா. காய்ச்சல்னு வார்டன்கிட்ட பொய் சொன்னேன். நாள் பூராம் துணி தொவச்சேன், தொவச்சதையும் தொவச்சேன்.

திங்கள்

மழை. சாப்பாட்டு நேரத்துல போன் அடிச்சுது. அந்த சார்தான். க்யூசி வேலை வேற ஆளுக்குப் போயிருச்சாம். மாதிரித் துணி பாக்கற சாம்பிள் செக்ஷன்ல ஒரு எடம் இருக்காம், பகல் மட்டுந்தானாம், வர்றீங்களான்னு கேட்டாரு. அவர் முடிக்கறதுக்குள்ள வர்றேன்னுட்டேன். வச்ச கையோட வார்டனுக்குப் போட்டு, பாப்பாவக் கூட்டிக்கிறேன்னு சொல்லியாச்சு.

சம்பளம் எவ்வளவுன்னு கேக்கவே இல்ல.