லேரே: ஐமிச்சப் பேரரசருக்கு ஒரு விளக்கம்

சுவிஸ் தேசத்து எம்மன்புரூக்கே மாநகரத்து ஐமிச்சப் பேரரசருக்கு, உன் ஒரேயொரு அமைச்சன் எழுதுவது.

உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சோற்றுச் சட்டிக்குக் கீழே, இப்போது ஒரு கல்லூரியின் விளம்பரப் புத்தகம் கிடக்கிறது. தடித்த, வழவழத்த தாள். அட்டையில் ஒரு பெண் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, உலகத்து நோயெல்லாம் தன் சிரிப்பைக் கண்டு ஓடிவிட்டதுபோல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். சட்டியின் சூடு பட்டதும் அந்தத் தாளிலிருந்து மை மணம் கிளம்பியது. நான் குனிந்து மணந்து பார்த்தேன். அது என் பழக்கமல்ல, உன்னுடையது. பால் பெட்டியிலிருந்து பனிச் சப்பாத்து வரை மணந்து பாராமல் நீ எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை. "நல்ல சாமானுக்கு வாசம் பூசத் தேவையில்லை மச்சான்" என்பாய்.

அகதி முகாமில் முதன்முதலாக உருக்கிய பாற்கட்டியை எங்கள் முன் வைத்தபோது, இந்த அரசாங்கம் எங்கள் குடலை ஒட்டி வைக்கப் பார்க்கிறது என்று அறிவித்தவன் நீ. முகாமே இரண்டு நாள் பாண் ரொட்டியை மட்டும் தின்றது. பேருந்துச் சாரதி வணக்கம் சொன்னாலும் சந்தேகப்பட்டு "ஐமிச்சமாக் கிடக்கு" என்பாய். அப்படிப்பட்டவன் ஒரு புற்றுநோயை மட்டும் எப்படி ஐமிச்சப்படாமல் வயிற்றுக்குள் அவ்வளவு காலம் விட்டு வைத்தாய் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காத சங்கதி.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உன் மகள் நிரோஜா மருத்துவ உதவியாளராகப் போகிறாளாம். வைத்தியரின் பிராக்சிஸ் என்கிற சிகிச்சை நிலையத்தில் இரத்தம் எடுப்பார்களே, ஊசி போடுவார்களே, அந்த வேலை. இந்த எண்ணத்தை அவளுக்குள் விதைத்தவன் நீதான். உன்னை வாராவாரம் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்த்தவள் அவள். உன் இரத்தத்தை எடுத்ததும் "அது என்ர பேர்தானோ எண்டு கேள் பிள்ளை" என்று அவளை நச்சரிப்பாய். இரத்தம் மாறினால் இன்னொருவனின் நோய் உன் தலையில் விழுந்துவிடும் என்பது உன் கணக்கு. கொஞ்ச நாளில் அங்கிருந்த உதவியாளப் பெண் நீ வாய் திறக்குமுன்னே குழாயைத் திருப்பி உன் பெயரைக் காட்டத் தொடங்கினாள். உலகத்தில் நீ ஐமிச்சப்படாத ஒரே சுவிஸ் பிரஜை அவள். நிரோஜா அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நீ போனபிறகு அவள் கடையொன்றில் காசாளராக நின்றாள். இப்போது படிக்க வேண்டும் என்கிறாள். உன் மனிசி வாணியின் சுத்திகரிப்பு வேலையில் வீடு ஓடுகிறது. ஆகவே தெரிவு ஒரு தரம்தான். பிழையான இடத்தில் சேர்ந்து, கட்டிய காசையும் விட்டு, காலத்தையும் விட்டு வெளியே வந்தால், இன்னொரு தரம் தொடங்க அந்த வீட்டில் வலு இல்லை. வாணி என்னைக் கூப்பிட்டு, "அண்ணை, அவர் இருந்தால் ஐமிச்சப்பட்டிருப்பார். இப்ப நீங்கள்தான் ஐமிச்சப்பட வேணும்" என்றாள். மணிமுடியை இப்படித்தான் என் தலையில் வைத்தார்கள்.

முதலில் அந்த விளம்பரப் புத்தகக் கல்லூரிக்கு நானும் நிரோஜாவும் போனோம். கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். வாசல் கண்ணாடி எவ்வளவு துப்புரவென்றால், அதில் முட்டிச் செத்த இலையான்களின் ஏழு தலைமுறை அங்கே அடக்கமாகியிருக்கும். உள்ளே ஓர் அம்மையார் கோப்பியும் சொக்லேட்டும் தந்தார். ஒரே வருடத்தில் டிப்ளோமா என்றார். கட்டணத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார், நோயாளியின் வீட்டாருக்குச் செய்தி சொல்வதுபோல. டிப்ளோமா உலக நாடுகளிலெல்லாம் மதிக்கப்படுவது என்று சொல்லிக் கையை விரித்தார்.

நான் உன் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். புருவம் ஒன்றை ஏற்றி, என் பழைய ஜெர்மனில் கேட்டேன்: "உலகம் முழுக்கச் செல்லும், சரி. எம்மன்புரூக்கேயில் செல்லுமா?"

அம்மையார் கோப்பியைக் கிளறினார். அதில் சீனியே போடவில்லை.

"இதை முடித்தால் இவள் இரத்தம் எடுக்கலாமா?" என்று பிறகு கேட்டேன். வரவேற்பு மேசையில் இருக்கலாம், வைத்தியரின் கடிதங்களைத் தட்டச்சு செய்யலாம் என்றார். இரத்தம்? எக்ஸ்ரே? அதற்கு அரசு தரும் சான்றிதழ் வேண்டும், அது வேறு படிப்பு என்றார், மிக மிருதுவாக. அரசு ஏற்ற தனியார் பள்ளிகளும் இருக்கின்றன என்பதையும் பிறகு விசாரித்து அறிந்தேன். அவை உண்மையில் நல்லவை. ஆனால் அவற்றின் வாசற்படியில் கால் வைக்கவே வாணி இன்னும் மூன்று பிறவி நிலம் கூட்ட வேண்டும்.

ரயிலில் நிரோஜா கேட்டாள்:

"மாமா, அந்த மனிசி பொய் சொல்லேல்லை, என்ன?"

"இல்லைப் பிள்ளை. கேட்டால் மட்டும் உண்மை சொல்லுற ஆள்."

"நீங்கள் கேக்காட்டி?"

"நீ ஒரு வருசம் கழிச்சு டைப் அடிச்சுக்கொண்டிருப்பாய்."

மிஞ்சியது லேரே. ஒரு பிராக்சிஸில் வேலை பழகிக்கொண்டே வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்குப் போவது. மூன்று வருடம். முடிவில் அதே அரசுச் சான்றிதழ். படிக்கக் கட்டணமில்லை, சின்னச் சம்பளமும் உண்டு. நிரோஜா விண்ணப்பித்து, ஒரு பிராக்சிஸ் அவளைச் சில நாள் வந்து பார்க்கச் சொல்லியும் விட்டது. நான் வெற்றி வீரனாக வாணியிடம் போய்ச் சொன்னால், அவள் முகம் கறுத்துப் போயிற்று.

"படிப்பிக்கிறவை எல்லோ காசு கேக்க வேணும் அண்ணை? இவை தரினமாம். என்னவோ கிடக்கு."

"இந்த நாட்டிலை அப்பிடித்தான் தங்கச்சி."

"கோயில்லை என்ன கதைப்பினம் தெரியுமோ? தேப்பன் இல்லாத பிள்ளையை வேலைக்கு விட்டிட்டாள் எண்டு. அதோடை அவர் வேண்டாம் எண்டு சொன்னவர். என்ர பிள்ளை லேரேக்குப் போகாது எண்டு வாத்தியாருக்கு முன்னாலேயே சொன்னவர். நீங்களும்தானே பக்கத்திலை இருந்தனீங்கள்."

இருந்தேன். மறக்க முடியுமா? பள்ளியின் பெற்றோர் கூட்டம். குட்டிப் பிள்ளைகளின் கதிரையில் உன் பேருடலை மடித்து வைத்துக்கொண்டிருந்தாய். வாத்தியார் சாந்தமாக, நிரோஜாவுக்கு லேரே நன்றாகப் பொருந்தும் என்றார். நீ எழுந்தாய். கதிரையும் உன்னோடு எழுந்தது. "என் மகள் லேர் இல்லை" என்று ஜெர்மனில் முழங்கினாய். வாத்தியார் விழித்தார். பேருந்தில் நீ என்னிடம் சொன்னாய்: "வெறும் போத்தல் எண்டிட்டான் மச்சான். என்ர பிள்ளையை." நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். நீ சிலேடை அடிக்கிறாய் என்று நினைத்தேன்.

வாணி சொல்லித்தான் தெரிந்தது, நீ சிலேடை அடிக்கவில்லை. நாங்கள் விடுதிச் சமையலறையில் தட்டுக் கழுவிய காலத்தில் நீ கற்ற முதல் ஜெர்மன் சொல் அது. போத்தல் லேர். வாளி லேர். சமையற்காரன் கத்துவான், நீ வெறும் போத்தல்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுவாய். லேர் என்றால் வெறுமை. லேரே என்றால் தொழில் பழகுதல். எழுத்தில் நடுவே வேறு ஓர் எழுத்து நிற்கிறது, சுவிஸ்காரரின் வாயில் கடைசி ஏகாரமும் தேய்ந்துவிடும், காதில் வித்தியாசம் விழாது. அந்தச் சமையலறையில் தொழில் பழக வந்த பொடியன்கள் நாள் முழுக்கக் கிழங்கு சீவியதையும் பார்த்தவன் நீ. இரண்டும் சேர்ந்தால் எவனுக்குத்தான் ஐமிச்சம் வராது? ஆகவே பிள்ளையைப் பெரிய பள்ளிக்கு அனுப்பினாய். உன் நோய் முற்றியபோது அவள் அதை நடுவில் விட்டாள்.

உண்மையைச் சொன்னால், வாணி பேசியபிறகு எனக்கும் கிழங்கு நினைவுக்கு வந்துவிட்டது. அந்தப் பிராக்சிஸில் பிள்ளையை மூன்று வருடம் நிலம் துடைக்க வைத்தால்? உளவு பார்ப்பதென்று முடிவெடுத்தேன். நிரோஜா அங்கே வந்து பார்க்கும் நாட்களில் ஒன்றைத் தேர்ந்து, புது நோயாளியாக நேரம் எடுத்தேன். தலை சுற்றுகிறது என்று அளந்தேன். எப்படிச் சுற்றுகிறது என்று தொலைபேசியில் கேட்டார்கள். பூமியைச் சந்திரன் சுற்றுவதுபோல் என்றேன்.

காத்திருப்பு அறையில் ஒரு சஞ்சிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். நிலம் பளபளத்தது, என் ஐமிச்சம் கூடியது. லேரே செய்கிற பெண் ஒருத்தி வந்து கூட்டிப் போனாள். இரண்டாம் வருடமாம். பின்னால் வெள்ளைச் சட்டையில் நிரோஜா. வந்து பார்க்கிற பிள்ளை, கூட நிற்கலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். நிற்கட்டும் என்றேன், வள்ளல்போல. நிரோஜா என்னை முன்பின் காணாதவள்போல் தலையசைத்தாள். அவளுடைய காது மட்டும் சிவந்து கிடந்தது.

அந்தப் பெண் என் கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். மற்றக் கையிலும் பார்த்தாள். பிறகு மூத்த உதவியாளரைக் கூப்பிட்டாள். நான் பொய்யாகக் கொண்டுபோன நோய் அங்கே மெய்யாக உட்கார்ந்திருந்தது, மச்சான். அழுத்தம் கூரையில் முட்டி நின்றதாம். வைத்தியர் வந்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். அதே பெண்தான் எடுத்தாள், மூத்தவர் பக்கத்தில் நின்று ஒரு சொல்லும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்க. எறும்பு கடித்ததைவிடக் குறைவு. நான் மட்டும் வைத்தியசாலை அதிரக் கத்தியிருப்பேன், மருமகள் முன்னால் மானம் தடுத்தது. உப்பை விடு, மாதம் ஒருமுறை வா என்று சொல்லி அனுப்பினார்கள். நிலம் துடைக்க வேறு ஓர் ஆள் வந்துகொண்டிருந்தார், வாளியோடு.

அன்று பின்னேரம் உன் வீட்டில் சாப்பாடு. வாணிக்கு என்மேல் ஐமிச்சம்.

"அண்ணை, நீங்கள் அங்கை போய்ப் பாக்கிறன் எண்டனீங்கள். போனனீங்களோ?"

நான் வாய்க்குள் சோற்றை அடைத்தேன். அவள் மகள் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, மாமா அங்கை வந்தவரோ?"

"தெரியாது அம்மா."

"என்ன தெரியாது? வந்தவரோ இல்லையோ?"

"ஆர் வந்தது, ஆர் வரேல்லை எண்டு வெளியிலை சொல்லக் கூடாது. முதல் நாளே கையெழுத்து வாங்கிப்போட்டினம்."

"நான் உன்ர அம்மா."

"அம்மாவுக்கும் சொல்லக் கூடாது."

வாணி கரண்டியை வைத்தாள். நான் சோற்றை விழுங்கிவிட்டு, அந்தப் பெண் செய்த வேலையை, யாரோ ஒரு நோயாளி சொன்னதாக, கொஞ்சம் பெருப்பித்துச் சொன்னேன். லேர், லேரே இரண்டையும் விளக்கினேன். வாணி கேட்டுவிட்டு, "அவர் வேண்டாம் எண்டவர் எல்லோ" என்றாள் மறுபடி. குரலில் முதலிருந்த உறுதி இல்லை.

நிரோஜா தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பா லேரேயை வேண்டாம் எண்டேல்லை அம்மா. நான் வெறும் போத்தல் இல்லை எண்டுதான் சொன்னவர். அது எனக்குத் தெரியும்."

பிறகு வாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "எப்ப துவங்குது?"

"ஓகஸ்டிலை."

"சப்பாத்து வெள்ளையோ போட வேணும்?"

அவ்வளவுதான். உன் ஆணையை உன் மகள் மீறவில்லை, பேரரசரே. உன் ஜெர்மனைத்தான் திருத்தினாள்.

நான் மோர்மிளகாய்க்குக் கையை நீட்டினேன். நிரோஜா கிண்ணத்தை எடுத்து மேசையின் மறு முனையில் வைத்தாள்.

"ஏன் பிள்ளை, மாமாவுக்குக் குடன். அவருக்கு அது எண்டால் உயிர்."

"மாமாவுக்குக் காணும் அம்மா, போதும்."

வாணி என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். உன்னோடு இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவள், ஐமிச்சம் தொற்றாமல் இருக்குமா? அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் உப்பில்லாத கறி ஒன்று தனியாக என் முன் வருகிறது. வைத்துவிட்டு, இது ஏன் உங்களுக்கு என்று வாணியே ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். நானும் சொல்வதில்லை. உன் மகளிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.