உன் பெயரில் நான் நிரப்பிய தாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, மழுப்பாமல் சொல். உன் தம்பிக்கு மறுபடியும் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், அவனை வீட்டில் பார்ப்பதே அதிசயமாகிவிட்டது. சமையலறைக் குழாயை நானே சரிசெய்தேன், இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நானே பேசி நானே முடித்துவிடுவேன், நீ "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், உன் அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி போய் மூடுகிறேன். "என்ன ஆச்சு உங்களுக்கு, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று உன் அம்மா கேட்டேவிட்டாள்.

எல்லாம் நீ போன ஞாயிற்றுக்கிழமை சொன்னதுதான். ஆபீஸ் பயிற்சியில் யார் எந்த வகை ஆள் என்று பார்க்க ஒரு சோதனை வைத்தார்களாம், உனக்குத் தனியாக உட்கார்ந்து நுணுக்கமாக வேலை செய்கிற ரகம் என்று வந்ததாம். அதைச் சொல்லிச் சிரித்தாய். சிரித்துவிட்டு, "ஸ்கூல்ல எடுத்த டெஸ்ட்டுதாம்ப்பா சரி, நான் ஆளுங்களோட பழகுறவ. நடுவுல எங்கயோ கெட்டுப்போயிட்டேன், திருத்திக்கறேன்" என்றாய். அதற்கொரு வகுப்பில் சேர்ந்திருப்பதாகவும், மேலாளர் பதவிக்கு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப்போவதாகவும் சொன்னாய். உனக்குக் கீழே நாற்பது பேர், தினமும் வாடிக்கையாளர்கள், கூட்டம், மேடைப் பேச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விளக்குப் போடாமல் ஒரு மணி நேரம் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பதையும் சொன்னாய், ஏதோ பஸ் தாமதம் என்று சொல்வதுபோல. அன்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் வந்த அந்தச் சோதனையை எழுதியது நீ இல்லை, நான். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல், பள்ளியில் தாளை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். அறுபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டம், ஒன்றைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். நீ பன்னிரண்டை நிரப்பிவிட்டுத் தூங்கிப் போனாய், பன்னிரண்டிலும் நடு வட்டம். இதென்ன, பிடிக்கும் என்றும் இல்லை பிடிக்காது என்றும் இல்லை, இப்படிக் கொடுத்தால் பிள்ளையை மக்கு என்று நினைத்துவிடுவார்களே என்று பென்சிலை நான் எடுத்தேன். சத்தியமாக உன்னை நினைத்துத்தான் ஆரம்பித்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் எளிதாகப் பேசுவீர்களா என்று ஒரு கேள்வி. என்னை மாதிரி லிஃப்ட் பழுது பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா அது! உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள், கதவை உதைப்பார்கள், நான் வெளியே நின்று ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பேன், கதவு திறந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடுவார்கள். மீதி நேரமெல்லாம் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் நானும் கிரீஸும்தான். ரொம்பவும் ஆமாம் என்கிற ஐந்தாவது வட்டத்தை அழுத்தி நிரப்பினேன். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. உனக்கு எது பிடிக்கும் என்று என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டதில்லையம்மா, அந்தத் தாள் கேட்டது. நாற்பத்தெட்டுக்கும் என் பதிலைத்தான் போட்டேன். மறுநாள் நீ கேட்டபோது, காய்ச்சல் மயக்கத்தில் நீயே எழுதி முடித்தாய் என்று சொல்லிவிட்டேன்.

மக்களோடு பழகும் வேலையில் பிரகாசிப்பார், தலைமைக் குணம் உண்டு என்று முடிவு வந்தது. எனக்கு வாயெல்லாம் பல். நீ அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துவிட்டு "நான் இப்படியாப்பா?" என்று கேட்டாய். அந்த நிமிஷம் சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். "நீதான், உனக்கே தெரியல" என்றேன், பாவி. அதை நம்பி அந்தப் படிப்பு, அதை நம்பி அந்த வேலை. தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்னமும் பெட்டியில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். நன்றாகத்தானே இருக்கிறாய் என்று நானும் இத்தனை வருஷம் மென்று முழுங்கிவிட்டேன். நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த காய் முழுவதையும் அரிந்து முடித்தாள். பிறகு, "அதுக்கு நீங்களே அந்த வேலைக்குப் போயிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

அந்தப் பதவி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை, அதையும் நானே சொன்னால் பழைய கதைதான். ஆபீஸ் சோதனைதான் சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் நீ கெட்டுப்போகவில்லை, உன்னிடம் திருத்த ஒன்றும் இல்லை. நீ தேடிக்கொண்டிருக்கிற அந்தப் பழைய பெண் நீயே இல்லை, அது உன் அப்பன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நினைவில் இருந்த கேள்விகளையெல்லாம் இன்று காலையில் எழுதி, நீ என்ன பதில் போட்டிருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். பாதிக்குமேல் எனக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக உன்னிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒன்றும் கேட்டதில்லை.

உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும், எடுக்கிற முடிவு உன்னுடையதாக இருக்கட்டும், வேறு ஆசீர்வாதம் எனக்குத் தோன்றவில்லை. கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டு, ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருதரம் கூப்பிடு. உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பேன். நீ எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் சரி, நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா