அண்ணனின் இடக்கை

நவம்பர் 3, ஞாயிறு

விடியத் தொடங்கிய மழை. ஞாயிறு, ஆனாலும் கந்தோரில் வேலை. பிறை பார்த்து வரும் போயா நாளுக்குத்தான் இனி லீவு என்று மாற்றிய புண்ணியவான் வீட்டில் நோயாளி இல்லைப் போல.

அண்ணன் பாரிசவாதத்தில் படுக்கையில் விழுந்து மூன்று மாதம். வலப்பக்கம் முழுக்க அசையாது. வாயில் மிஞ்சியது ஒரே சொல்: ஓம். ஆமென்றாலும் ஓம், இல்லையென்றாலும் ஓம். பசிக்குதோ? ஓம். பசிக்கேல்லையோ? ஓம். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி, கரையில் நிற்பவனுக்குக் கேட்கக் கத்திய மனிதன்.

வாங்க: மண்ணெண்ணெய், சவ்வரிசி, சீலை தோய்க்கச் சவர்க்காரம் 2.

நவ. 4

எழுத வெட்கம். எழுதாவிட்டால் தொண்டைக்குள்ளேயே நிற்கும்.

காலையில் இரண்டாம் தரமும் படுக்கைச்சீலை மாற்றினேன். முதல் சீலையே காயவில்லை. கஞ்சி கொடுத்தால் துப்பிவிட்டார், கந்தோருக்குக் கட்டிய சாறி முழுக்க. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நீங்கள் செத்தாலாவது எனக்கு நிம்மதி, அண்ணா."

"ஓம்," என்றார்.

சாறி மாற்றிக்கொண்டு போனேன். ஒரே கடிதத்தை மூன்று தரம் தட்டெழுத்தில் பிழையாக அடித்தேன். பெரிய கிளாக்கர்: "என்ன மிஸ், சுகமில்லையோ?" சுகம்தான் சேர் என்றேன்.

நவ. 6

இன்றும் மழை. வீட்டுக்குள் ஐந்து சீலை தொங்குகிறது.

பகலில் அண்ணனோடு இருப்பது பக்கத்து வீட்டு சுபைதா ராத்தா. கிண்ணியா மனிசி. அவவுக்குச் சொல்லாமல் இருக்க ஏலவில்லை. நான் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார், எல்லாம்.

"அவருக்கு ஒண்டும் விளங்காது புள்ள. மழையா எண்டாலும் ஓம், வெயிலா எண்டாலும் ஓம். மனசப் போட்டு அலட்டாத."

விளங்காது என்றால் நான் தப்பினேன். விளங்காது என்றால் மூன்று மாதமாக யாரோடு கதைக்கிறேன்?

நவ. 8, வெள்ளி

அண்ணனின் மருந்து எடுக்கக் கிளினிக். இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருந்தேன். தலையிடி.

மருந்து கொடுக்கும் வயதான நேர்ஸ் மிஸ்ஸி என் கையைத் திருப்பிப் பார்த்தா. "சவர்க்காரம் தின்னுபோட்டுது. உதவிக்கு ஆர்?" ராத்தா பகலில் மட்டும் என்றேன். உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக் கதிரையில் இருத்தினா. அவ்வளவுதான், அழுகை. 4ஆம் தேதிக் கதை, அவருக்கு விளங்காது என்று ராத்தா சொன்னது, முழுக்கச் சொன்னேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"இதை எல்லா வீட்டிலயும் சொல்லுறவை. இஞ்ச வந்து ஒத்துக்கொள்ளுறவைதான் குறைவு. அழுங்கோ பிள்ளை, வரிசை நிக்கட்டும்."

பிறகு கேட்டா: "அவருக்கு விளங்காதெண்டு ஆர் சொன்னது? இடக்கை வேலை செய்யுதுதானே. பிடிச்சுக்கொண்டு கேளுங்கோ. ஓம் எண்டால் ஒருக்கா அமத்தட்டும், இல்லையெண்டால் ரெண்டுதரம். வாயைப் பாக்காதேங்கோ."

கிழமைக்கு ஒருக்கா வந்து அந்தக் கதிரையில் இருக்கட்டாம். மருந்து தேவையில்லாவிட்டாலும் வரட்டாம்.

பஸ்ஸில் வரும்போது பயம். அவருக்கு விளங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்தேன். என்ன பிறப்பு நான்.

நவ. 9

கையைப் பிடித்தேன். "உங்கட பேர் கந்தசாமியோ?"

வாய்: ஓம். கை: இரண்டு தரம். அண்ணன் பெயர் சிவராசா. கைதான் சரி.

யன்னல் திறக்கட்டோ? ஒன்று. ராத்தா வீட்டு ரேடியோ பிடிக்குமோ? ஒன்று. சவ்வரிசிக் கஞ்சி? இரண்டு. திரும்பக் கேட்டேன். இரண்டு. மூன்று மாதமாகக் காலையும் மாலையும் அதே கஞ்சி! துப்பாமல் என்ன செய்வார்.

ராத்தா முந்தானையால் வாயைப் பொத்தினா. "அல்லாஹ்! இவருக்கு முன்னால நான் என்னென்ன கதையெல்லாம் கதைச்சிட்டன்!" அண்ணனின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்புத்தான்.

அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

நவ. 12, போயா

மழை விட்டது. சீலை எல்லாம் வெளியே. சவ்வரிசிக்குப் பதில் தம்பலகாமத்து அரிசி, குழைய வேகட்டும் என்று அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். இனியும் ஒளிக்க ஏலாது.

"அண்டைக்கு நான் சொன்னது விளங்கினதோ?"

ஒன்று.

"கோபமோ?"

ஒன்று. நகம் பதிய.

சரி. மூன்று மாதத்துக்குப் பிறகு அண்ணன் என்னோடு கோபிக்கிறார். அழுகை வந்தது. பழைய அண்ணன் உள்ளேதான் இருக்கிறார் என்று ஒரு ஆறுதலும் வந்தது. மன்னிச்சிடுங்கோ என்றேன். கை அசையவில்லை.

"அப்ப நான் எழும்பிப் போகட்டோ?"

வாய் ஓம் என்றது. கை இரண்டு தரம் அமத்தியது.

குசினியில் சோறு அடிப்பிடித்து மணந்தது. நான் எழும்பவில்லை.