காரணம் கேட்டா என்ன சொல்றது

பிப்ரவரி 27, வியாழன்

இன்று ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைக் காலரில் சாயத்தைக் கொட்டிவிட்டேன். கிண்ணம் கையில்தான் இருந்தது, நான்தான் அங்கே இல்லை. முதலாளியம்மா கண்ணாடி வழியாகவே முறைத்தார். எங்கள் பார்லரில் யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. திட்டு, சிரிப்பு, அழுகை எல்லாமே கண்ணாடி வழிதான்.

"உனக்கு என்னதான் ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. அதுதானே வம்பு. வீட்டுக்காரர் குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை. இரவெல்லாம் பேக்கரியில் அடுப்போடு மல்லுக்கட்டிவிட்டு, காலையில் வந்ததும் குட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பக் கூடமாட நிற்பார். குட்டியா? ரெண்டாம் வகுப்பு, வாயாடி, தங்கம். அப்புறம் ஏன் தினமும் பல் தேய்க்கும்போதே, இன்றோடு எல்லாம் முடிந்துவிட்டால் தேவலை என்று இருக்கிறது?

ஊர்ல எல்லாரும் ஒரு காரணத்தோட அழுறாங்க. எனக்கு அதுக்குக்கூட வக்கில்ல.

மார்ச் 1, சனி

நாத்தனார் வந்தாள். கண் மருத்துவமனையில் முன் மேசையில் உட்காருகிறவள். அதே கட்டிடத்தின் மாடியில் மனநல ஆலோசகர் அம்மா ஒருவர் இருக்கிறாராம். முகவரிச் சீட்டைக் கையில் திணித்தாள்.

"போய்ப் பேசுங்க அண்ணி. நீங்க சிரிச்சே எவ்ளோ நாளாச்சு! அங்க பேசுறது வெளிய வராது, யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாதாம்! சொல்வது யார்? ஒரு விஷயத்தை இவளிடம் சொன்னால் போதும், பேப்பரில் போட வேண்டியதில்லை.

ரகசியம் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாதா? தலையைப் பின்னால் சாய்த்து, வெந்நீர் ஊற்றி, விரலால் அழுத்திவிட்டால் பெண்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். அவர்கள் முடி காய்வதற்குள் நானும் என்கூட வேலை பார்க்கும் சுருட்டையும் பின்கட்டில் டீயோடு சேர்த்து அதையும் குடித்து முடித்திருப்போம். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. அது அப்படித்தான் நடக்கிறது. அப்படியிருக்க அந்த அம்மா மட்டும் என்ன, வாயைத் தைத்துக்கொண்டா இருப்பார்?

மார்ச் 4, செவ்வாய்

பார்லர் விடுமுறை. போனேன்.

அறையில் கண்ணாடியே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன், என்ன படிச்சிருக்கீங்க, இந்த வேலைக்கு எப்ப வந்தீங்க, நான் சொல்றத யார்கிட்ட சொல்வீங்க? சண்டைக்கு வந்தவள் மாதிரிதான் கேட்டேன். கோபப்படவில்லை. "கேக்க வேண்டியதுதான், நல்லது" என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இப்படிச் செய், அப்படிச் செய் என்று புத்தி சொல்ல மாட்டாராம். ஆரம்பத்தில் பேசிவிட்டுப் போகும்போது மனசு இன்னும் கனக்கலாமாம். அவரைப் பிடிக்கவில்லையென்றால் வெளிப்படையாகச் சொல்லலாமாம், வேறு ஆளைக் காட்டுவாராம், மனத்தாங்கல் இல்லையாம்.

கடைசியாக:

"இங்க பேசுறது இங்கயே இருக்கும். ஒன்னே ஒன்னு தவிர. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, நான் வேற யாரையாவது துணைக்குச் சேர்த்துக்க வேண்டியிருக்கும்."

அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை. என்கிட்ட இருக்கிறதே அந்த ஒன்னுதான்! அதைச் சொன்னால் துணைக்கு யார் வருவார்? மாடிப்படி இறங்கினால் நாத்தனார். அப்புறம் மாமியார், அக்கம்பக்கம், பார்லர். கத்தரி பிடிக்கிற என் கையில் யார் தலையைக் கொடுப்பார்கள்? குட்டியை என்னோடு தனியாக விடுவார்களா?

"சொல்லுங்க, என்ன சிரமம்?"

"என் வீட்டுக்காரருக்கு வேற ஒருத்தியோட பழக்கம்" என்றேன்.

ஐயோ. என் வாய்தான் சொன்னது. போன வாரம் தலை அலச வந்த ஒரு வாடிக்கையாளரின் கதை அது. அவர் புருஷன் பழகுகிற பெண் வங்கியில் வேலை பார்ப்பதுவரைக்கும் அப்படியே எடுத்து ஒப்பித்தேன். கேட்கிறவர்களுக்குக் காரணம் வேண்டுமே, இரவல் வாங்கினேன்.

சரி, இதுவும் நல்லதுதான். இது வெளியே கசிந்தால் நாத்தனார் நாளைக்கே வாசலில் வந்து நிற்பாள். அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்று அப்போது தெரிந்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் வந்தாள்! கசிந்தேவிட்டது என்று நினைத்தேன். குட்டிக்குச் சின்னதாகிப்போன ஷூ இருக்கிறதா, தன் மகனுக்கு ஆகுமா என்று கேட்க வந்தாளாம். "போனீங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். போனேன் என்றேன். ஷூவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

அந்த அம்மா நான் சொன்ன ஒன்றையும் மறக்கவில்லை. நான்தான் மறந்துவிட்டேன். "அந்த வங்கிப் பெண்ணைப் பத்தி..." என்று கேட்டபோது ஒரு கணம் யார் என்று முழித்தேன். பிறகு அழுதேன். நிஜமான அழுகை, பொய்யான காரணத்துக்கு. கனமாகத்தான் இருக்கும் என்று சொன்னாரே, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் படி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர்மேல் எரிந்துவிழுந்தேன். "நான் என்ன பண்ணேன்?" என்று நின்றார். குளித்து வந்த பிறகும் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. பாவம் மனுஷன், செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குறாரு.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் விடிந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

போகவில்லை. தலைவலி என்று போன் பண்ணினேன்.

காலையில் குட்டிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நான் இல்லையென்றால் இவளுக்கு யார் பின்னிவிடுவார்கள் என்று வந்தது. உடனே பதிலும் வந்தது, அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அழுகை வரவில்லை. வேலையை விட்டுப் போகிறவள் புது ஆளிடம் சாவியைக் கொடுப்பதுபோல நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் இப்போது பயமாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

சொல்லிக்கொடுத்தும்விட்டேன்.

மனுஷனுக்கு ஒரே குஷி. "இதுல என்ன இருக்கு, பின்னல் ரொட்டி போடுற மாதிரிதானே!" மூன்றாகப் பிரித்து, இழுத்து, மடித்து, என்னைவிடக் கச்சிதமாகப் பின்னினார். "அப்பா சூப்பர்!" என்று குட்டி குதித்தாள். ரிப்பன்கூட அவரே கட்டினார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

மார்ச் 22, சனி

கதைக்குச் சொந்தக்காரி இன்று வந்தார். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, புருஷன் வீட்டை விட்டே போய்விட்டார் என்றார். நெற்றிப்பொட்டு வழியாகத் தண்ணீர் வழிந்தது, எது ஷவர் தண்ணீர் எது கண்ணீர் என்று எனக்குத் தெரியும். அவர் துக்கத்தைத் திருடி நான் போட்டுக்கொண்டு திரிகிறேன். வெட்கமாக இருந்தது.

பின்கட்டில் சுருட்டை காத்திருந்தாள். "என்னவாம், என்னவாம்?"

"முடி கொட்டுதாம்" என்றேன்.

"அவ்ளோதானா? அதுக்கா அவ்ளோ நேரம்?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

நான் சொன்ன பொய்யும் இதுவரை அந்த மாடியை விட்டு இறங்கவில்லை. நாத்தனார் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே.

மார்ச் 25, செவ்வாய்

போனேன். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், அது என் கதை இல்லை, என் வீட்டுக்காரர் சொக்கத்தங்கம் என்று. வெளியே போ என்பார் என்று நினைத்தேன்.

"சரி. என்னை நம்பலாமான்னு பாத்திருக்கீங்க. அந்தக் கதையை எடுத்துட்டா அங்க என்ன இருக்கு?"

"ஒன்னுமே இல்லங்க. அதான்... காரணமே இல்ல."

"காரணம் இல்லாமலும் வரலாம். வேற என்ன நடந்துச்சு இந்த வாரம்?"

தலை பின்னக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"செத்துப்போகணும்னு தோணுதா?"

இப்படிப் பச்சையாக யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். கூரை இடிந்து விழவில்லை. அவர் போனைப் பாய்ந்து எடுக்கவுமில்லை. பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "யாரைக் கூப்பிடலாம்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்தே முடிவு பண்ணுவோம். உங்களுக்குத் தெரியாம உங்க முதுகுக்குப் பின்னால ஒன்னும் நடக்காது" என்றார்.

"நாத்தனார் மட்டும் வேண்டாம்!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான், சனியன், அந்த நேரத்தில்.

தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் போனில் எழுப்பினோம். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கண்ணாடி இருந்தால் அதைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அவர் செருப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. வாழப் பிடிக்கல. உங்களால இல்ல. குட்டியால இல்ல. ஏன்னு தெரியல.

அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார்:

"அதுக்காகவா எனக்குப் பின்னக் கத்துக்கொடுத்த?"

பெருசா அழுதாரு. அவர் அழுது நான் பார்த்ததே இல்ல.

மார்ச் 27, வியாழன்

டாக்டரிடமும் காட்டியாயிற்று. மாத்திரை. பலன் தெரிய வாரக்கணக்காகுமாம். வீட்டுக்காரர் இரவு வேலையை மாற்றிக் கேட்டிருக்கிறார். மாத்திரை அட்டை அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஒரு மாற்றமும் இல்லை. வாய் உலர்கிறது. நேற்று மாடியில் பாதி நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன், அந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் எதுக்கு?

ஏப்ரல் 8, செவ்வாய்

பல் தேய்க்கும்போது அந்த நினைப்பு இன்றைக்கும் வந்தது. வீட்டுக்காரர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். "இன்னிக்கு எப்படி இருக்கு?"

"நல்லாயில்ல."

"சரி" என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். ஏன் என்று கேட்கவில்லை.

குட்டி சீப்பைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்குப் பின்ன மறந்துபோச்சு. அம்மாகிட்டப் போ."

மூட்டை மூட்டையாக மாவைப் பின்னுகிற மனுஷன். முகத்தைப் பார்த்தேன், நேராகவே. சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது. குட்டி வந்து என் மடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பின்னிவிட்டேன்.

"நாளைக்காவது ஞாபகம் வருமா?" என்று கேட்டேன்.

"வராது" என்றார்.