பின்னறையில் யாரும் இல்லை

12 ஜூன் 1961, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. லிந்துலைக் கடைவீதி முழுக்கச் சேறு. எரிந்த கடைக்கு மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன். இனி எதைக் காப்பாற்ற என்று கட்டி முடித்த பிறகுதான் யோசித்தேன்.

மிஞ்சியவை: கத்தரிக்கோல் இரண்டு. தையல் மெஷினின் இரும்புக் கால். கம்பளி ஒரு கட்டு, ஓரமெல்லாம் கருகி நடுவில் மட்டும் நல்லது. பாக்கியத்தின் வெண்கல விளக்கு.

பாக்கியம் என் சம்சாரம். கடைப் பின்னறையில்தான் குடித்தனம், அங்கேதான் போன மாசம் போய்ச் சேர்ந்தாள். நெஞ்சு நோய். உயிர் போன இடத்தில் கருமாதி வரை விளக்கு எரிய வேண்டும், அணைக்கக் கூடாது. எரிந்தது. நானும் மகள் செல்வியும் கருமாதிச் சாமான் வாங்கத் தலவாக்கலைக்குப் போய்த் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போது கடைக்கு மேலே புகை. பட்டப் பகல்.

இன்றைக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்து சொல்லிவிட்டுப் போனார். கம்பெனி ஒரு சதம் தராதாம். ஆளில்லாமல் நெருப்பு வைத்துவிட்டுப் போனால் பொலிஸி செல்லாதாம். யார் சொன்னது விளக்கால்தான் தீப்பிடித்தது என்று? நான்தானாம்.

நான்தான். கொழும்பிலிருந்து கம்பெனி ஐயா வந்து எப்படிப் பிடித்தது என்று கேட்டபோது, பெரிய மனுசன் கேட்கிறாரே என்று மனதில் இருந்ததைச் சொன்னேன். “அவதாங்க வந்திருப்பா. நாங்க ரெண்டு பேரும் வெளிய போனா அவளுக்குப் பொறுக்காது. எந்திரிச்சிருப்பா, விளக்குல கை பட்டிருக்கும்.” அவர் சிரிக்கக்கூட இல்லை. இங்கிலீஷில் எழுதினார், கையெழுத்து வாங்கினார். போகும்போது டீ வேறு வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். என்னைப் போல மடையன் இந்தக் கடைவீதியில் இல்லை.

கடை இல்லையென்றால் செல்வியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குத்தான் போக வேண்டும். அந்த ஒற்றைக் காம்பராவில் அவர்களுக்கே கால் நீட்ட இடமில்லை.

14 ஜூன், புதன்

மழை. எதிர்ப்பக்கம் பேக்கரி மாடியில் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார் பியதாச முதலாளி. வாடகை பற்றிப் பேசினால் கோபம் வருகிறது மனுசனுக்கு.

சாம்பலைக் கூட்டப் போனேன். பின்னறைப் பக்கம் இருமல். சின்னதாய் இரண்டு, அப்புறம் நீளமாய் ஒன்று. பாக்கியத்தின் இருமல்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டவனுக்குத் தெரியாதா? துடைப்பத்தைப் போட்டுவிட்டு நின்றேன். பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். வரவில்லை.

செல்வியிடம் சொல்லவில்லை. பிள்ளை பயந்துவிடும்.

சாயந்திரம் பி. முதலாளி: “கண்டியில ஒரு முஸ்லிம் நானா இருக்குது. முன்ன இன்சூரன்ஸ் கம்பெனியில வேலை. இப்ப நம்ம பக்கம் பேசுறது. எங்க அண்ணா சில்லறைக் கடை எரிஞ்சப்போ அவர்தான் பணம் வாங்கிக் குடுத்தது.” கிடைத்தால் அதில் ஒரு பங்கு அவருக்கு, கிடைக்காவிட்டால் ஒன்றும் வேண்டாமாம். நம்மிடம் இப்போது இருப்பதும் ஒன்றுமில்லைதான். வரச் சொல்லித் தந்தி.

வாங்க: சவர்க்காரம், செல்விக்குக் குடை, நூல் (எதற்கு?).

19 ஜூன், திங்கள்

காசிம் நானா வந்துவிட்டார். குள்ளம், கறுப்புக் கோட்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மழையில் கோட்டு ஒழுக வந்து, என்னை விட்டுவிட்டு நேரே சாம்பலைப் பார்த்துத் தலையாட்டினார்.

“டெய்லர், இண்டையிலேருந்து நீங்க யாரோடயும் பேசப்படாது. பேசுறது நான். சரியா?”

சரி என்றேன். “அதையும் சொல்லப்படாது” என்றார். செல்வி சிரித்துவிட்டாள். அம்மா போன பிறகு முதல் தடவை.

20 ஜூன், செவ்வாய்

தூறல். இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை, எழுதாமலும் முடியவில்லை.

எரிந்த சாமானுக்குக் கா. நானா கணக்கெடுக்கிற விதம் இப்படி. எரிந்த இடத்தில் வாசல் இருந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனார். கண்ணை மூடச் சொன்னார். “கதவைத் திறங்க. இடது கைப் பக்கம் என்ன ஈக்கிது?”

இடப்பக்கம் கண்ணாடி அலமாரி. மேல்தட்டில் வாயல் சேலை, நடுவில் சிறுவர் சட்டை, கீழே கம்பளி. வலப்பக்கம் வெட்டுகிற மேசை, அதன் மேல் அரைகுறையாய், தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கும் ஒரு கண்டாக்கையாவின் காற்சட்டை. சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே பின்னால் வந்தார். சொல்லச் சொல்ல எல்லாம் வந்து நின்றது. புதுத்துணிக் கஞ்சி வாசனை. தோட்டத்து வேலை முடிந்து வருகிற பொம்பளைகள் கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு விலை கேட்பது. நான் நடந்தது சாம்பலில் என்று மறந்தே போனேன்.

“திரையைத் தள்ளுங்க. உள்ளுக்கு?”

“கட்டில்.”

“கட்டில்ல?”

“அவ.”

பேனா நின்றது. கண்ணைத் திறந்தேன். மழை, சாம்பல், ரப்பர் பூட்ஸ். அவர் “கட்டில் ஒண்டு” என்று மெதுவாகச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு மறுபடி வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு தனியாக நடந்தேன். திரை வரைக்கும். இருமல், என் தோளுக்குப் பக்கத்தில்.

22 ஜூன், வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. கம்பளியை முறுக்கிக் காயப்போட்டோம்.

நானா கண்டுபிடித்துவிட்டார். சாம்பலை விரலால் தோண்டித் தோண்டிப் பார்த்தவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். முன்பக்கம் உத்திரம் உள்ளே வரை கரி. பின்னறைச் சுவரில் இன்னும் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கிறது. விளக்கு வைத்த இடத்திலேயே நேராக நின்றதைப் பி. முதலாளியும் பார்த்திருக்கிறார், அடியில் எண்ணெய்கூட உறைந்து கிடக்கிறது. தட்டி விழவில்லை. தட்டவே இல்லை.

“முன்னுக்கு மேல, கரண்ட் வயர் மூட்டுல மழைத்தண்ணி எறங்கி ஈக்கிது. அங்கதான் பத்தினது.”

புகை முதலில் எங்கே வந்தது என்று பி. முதலாளியைக் கேட்டார். “கடைப் பேர் போர்டுக்குப் பின்னால. மொதல்ல அங்கதான்” என்றார் அவர். எதிரில் இருப்பவர், கண்ணால் பார்த்தவர். கம்பெனி ஐயா அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே.

எல்லாருக்கும் சந்தோசம். செல்வி நானாவுக்குப் பேக்கரியில் பணிஸ் வாங்கிக் கொடுத்தாள். பொய் சொல்வானேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

25 ஜூன், ஞாயிறு

மூடுபனி, எதிர்க்கடை தெரியவில்லை. தலைமுடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் ஒருவன் இன்னொருவனிடம்: “டெய்லர் பொஞ்சாதி ஆவியா வந்து கடையக் கொளுத்திட்டுப் போயிட்டாளாம்ல.” என்னைப் பார்த்ததும் சவரக் கத்தியைப் பற்றிப் பேச்சு மாறியது.

நான் ஆரம்பித்து வைத்த பேச்சு. சரியான வாய் எனக்கு.

1 ஜூலை, சனி

மழை. நானா கொழும்பு போய்த் திரும்பினார். கம்பெனி இறங்கி வருகிறதாம், ஆனால் முதலில் நான் சொன்னதை நானே வாபஸ் வாங்க வேண்டும். தமிழில் எழுதியே கொண்டுவந்திருக்கிறார்: துக்கத்தில் புத்தி தடுமாறிச் சொன்னேன். தீப்பிடித்த நேரம் பின்னறையில் யாரும் இருக்கவில்லை, யாரும் வரவுமில்லை.

பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

“என்ன டெய்லர்?”

“அவ இல்லைன்னு எப்படி நானா எழுதிக் குடுக்கிறது?”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “ஒங்கட நெஞ்சுல யார் ஈக்கிறாங்கண்டு நான் கேக்கல்ல. அறையில யார் ஈந்தாங்கண்டுதான் கேக்கிறன். எரிஞ்ச எடத்துல எல்லாரும் யாரையாவது குத்தஞ் சொல்லத்தான் செய்வாங்க. நீங்க ஒங்கட மனுசியச் சொல்லிட்டீங்க. அந்தப் பழிய நான் எறக்கி வைக்கப் பாக்கிறன்.”

திங்கள் வரை தவணை கேட்டேன்.

அவர் சொன்னது நியாயம். வாழ்ந்த காலம் முழுக்க ஒரு தீக்குச்சியை வீணாக்காதவள் பாக்கியம். அவளைப் போய் ஊரெல்லாம் கடை கொளுத்தியாக்கிவிட்டேன். ஆனால் அவள் வந்தாள், நாங்கள் இல்லாமல் தவித்து எழுந்தாள் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் சோறு இறங்கியது. அவள் வரவில்லை, ஒரு வயர்தான் என்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

3 ஜூலை, திங்கள்

ஓயாத மழை. பேக்கரி மேசையில், பாண் தூளைத் தட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டேன். செல்வி பக்கத்தில் நின்று வாசித்தாள். கடைசி வரியை விரலால் தொட்டாள்.

லயத்துக்குப் போக வேண்டியதில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு கடைக்குப் போய் நின்றேன். தார்ப்பாயில் மழை அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மழையால்தான்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

நல்ல வெயில். கம்பெனிப் பணம் வந்து, கூரைத் தகடு போட்டாயிற்று. பின்னறைக்குச் சுண்ணாம்பு. பழைய மெஷின் ஒன்று நாளை ஹட்டனிலிருந்து வருகிறது. நானாவுக்கு ஒரு காற்சட்டை தைத்துத் தர வேண்டும், அளவு எடுக்க மறந்துவிட்டேன்.

மத்தியானம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். ரோட்டில் பஸ். பி. முதலாளி யாரையோ திட்டுவது. தகடு வெயிலில் சடசடப்பது. கண்ணை மூடி வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். அலமாரி வந்தது, மேசை வந்தது. திரைக்கு அப்பால் சுண்ணாம்புச் சுவர்தான் இருந்தது.

செல்வி பிளேன்டீ கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“கேக்குதாப்பா?”

இருமலைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“இல்ல” என்றேன்.

“நீங்க கையெழுத்துப் போட்ட அன்னியிலேருந்து எனக்கும் கேக்கலப்பா.”