கணவன் அமெரிக்காவில்

ஒன்ராறியோ, கனடா
03.02.2025

அன்புள்ள ஜெயா,

இந்த வரிவரைக்கும் வந்துவிட்டீர் என்றால் நன்றி. உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் பழைய பேப்பர் போடும் நீலத் தொட்டிக்குத்தான் இது போகும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் சுகம். எங்கள் மகள் சிவானுஜாவுக்குக் கலியாணம் முடிந்ததும், அவள் ஆஹெனில் ஆஸ்பத்திரி வேலையில் இருப்பதும் என் அண்ணன் வீட்டுக் கிரிஜா அண்ணி சொல்லித்தான் தெரியும். படமும் காட்டினா. உம்முடைய நெற்றி அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. தகப்பன் இல்லாமல் நடந்த கலியாணம் என்று நினைக்கக் கவலையாக இருந்தது. அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை என்பதும் தெரியும்.

நான் இப்போது ரொறன்ரோவில் இல்லை. ஏழு வருடமாக எமில் வெசெலிங் என்ற பெரியவரின் பண்ணையில் வேலை. சோளம், சோயா, கொஞ்சம் மாடு. அவருக்கு எண்பத்து நான்கு வயது. மனைவி இறந்துவிட்டா, பிள்ளைகள் நகரத்தில். எனக்கு ஜெர்மன் தெரியும் என்பதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார். அவருக்குத் தெரிந்ததோ நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஜெர்மன். நான் பேசுவது டோர்ட்மண்ட் தொழிற்சாலை ஜெர்மன். எப்படியோ சமாளிக்கிறோம்.

அவருடைய பூட்டன் ஹைன்றிச் வெசெலிங்தான் இந்தக் காட்டை வெட்டி நிலமாக்கியவர். 1841இல் பிறந்தவர். அவர் கொண்டுவந்த ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கோயில் பங்கின் பெயர் இருக்கிறது: ஹோர்ஸ்ற்பெக். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊன்ட்றொப் அம்மன் திருவிழாவுக்கு பஸ்ஸில் போகும்போது நாங்கள் தாண்டிப் போகும் ஊர் அல்லவா? நீர் பங்கு அலுவலகத்தில் வேலை செய்வதாக அண்ணி சொன்னா. பங்கின் பழைய ஞானஸ்நான, கலியாணப் புத்தகங்களில் அவரைத் தேடிப் பார்க்க முடியுமா? எமில் இந்த ஒக்டோபரில் பண்ணையை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அதற்கு முன் தாங்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிய வேண்டுமாம்.

இன்னொன்று. பண்ணை போனால் எனக்கு இங்கே இருக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை. ஜெயா, நான் வீட்டுக்கு வரலாமா? யோசித்துச் சொல்லும்.

உம்முடைய,
வசந்த்

ஹம், ஜெர்மனி
01.03.2025

திரு. வசந்த்குமார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆறு மாதத்தில் எங்களைக் கூப்பிடுகிறேன் என்று 2009இல் போனீர்கள். 2012 புதுவருடத்துக்கு எடுத்ததுதான் கடைசித் தொலைபேசி. பதின்மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம், அதிலும் முக்கால்வாசி வேறொருவருடைய பூட்டனைப் பற்றி. இதை வாசித்து நான் சிரித்துவிட்டேன், உண்மையாகவே.

ஹோர்ஸ்ற்பெக் பங்கு இப்போது எங்கள் பங்கோடு சேர்ந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மாதத்துக்கு இரண்டு பேராவது முன்னோரைக் கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பழைய கையெழுத்தை வாசிக்க ஒரு வருடம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்திருக்கிறேன். ஆகவே இதை உங்களுக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

புத்தகங்கள் மூன்ஸ்ரரில் ஆயர் இல்லத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கேயிருந்து கணினியில் பார்க்கலாம். ஹைன்றிச் கிடைத்தார். 1841 நவம்பர் 11 ஞானஸ்நானம். குத்தகைக்காரர் வெசெலிங்கின் மூன்றாவது மகன். மூத்தவனுக்குத்தான் குத்தகை நிலம் போகும். மூன்றாமவன் வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. கலியாணப் பதிவு இல்லை, மரணப் பதிவு இல்லை, நாட்டைவிட்டுப் போனவர்களின் பட்டியலிலும் வெசெலிங் என்று ஒருவரும் இல்லை. காற்றில் கரைந்துவிட்டார். சில ஆண்களுக்கு அது கைவந்த கலை.

எமில் ஐயாவிடம் வேறு தகவல் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். உங்களுடைய மற்றக் கேள்வியை நான் இப்போது தொடவில்லை.

ஜெயமலர்

ஒன்ராறியோ
24.03.2025

அன்புள்ள ஜெயா,

திட்டித்தான் எழுதினீர். ஆனால் எழுதினீர். அதை மூன்று முறை வாசித்தேன்.

ஞானஸ்நானப் பதிவை எமிலுக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இவ்வளவு காலமும் அந்த மனுசன் கப்பலிலதான் பிறந்தவர் எண்ட மாதிரி இருந்தது" என்றார்.

அவரிடம் இருந்த கனடாக் குடிசனக் கணக்கின் பிரதிகளை இத்துடன் அனுப்புகிறேன். 1871இல் ஹைன்றிச் ஒரு பண்ணையில் கூலியாள். வயது இருபத்தொன்பது, பிறந்த நாடு ஜெர்மனி, கத்தோலிக்கர். ‘மணமானவரா’ என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. 1881இல் சொந்த நிலம், மனைவி கத்ரின், நான்கு பிள்ளைகள்; பிறகு இன்னும் இரண்டு. இரண்டாவது பிள்ளைதான் எமிலின் அப்பப்பா. கத்ரினைக் கட்டியது 1873இல். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் பெரிய தெய்வம். கூடத்தில் படம் மாட்டியிருக்கிறார்கள்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. கன்று ஈனும் காலம். என் முழங்கால் முந்தி மாதிரி இல்லை. நீர் குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறீரா? பிரஷர் எப்படி?

நான் கேட்டதற்கு நீர் பதில் சொல்லவில்லை. அவசரப்படுத்தவில்லை. ஒக்டோபர் வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

உம்முடைய,
வசந்த்

ஹம்
12.05.2025

சிவானுஜாவின் அப்பாவுக்கு,

ஹைன்றிச்சைப் பிடித்துவிட்டேன். இதை எப்படி எழுதுவதென்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிழை என்னுடையதுதான். நான் வெசெலிங் என்ற பெயரையே தேடிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்பிள்ளை இல்லாத பண்ணைக்கு மருமகனாகப் போகிறவன் அந்தப் பண்ணையின் பெயரைத்தான் தன் பெயராக வைத்துக்கொள்ள வேண்டும். எங்களிலும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய் இருக்கிறவர்தானே. பெயரை மட்டும் விட மாட்டார். இவர்கள் அதையும் விட்டிருக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு இதை விளக்கி எழுதிய எனக்கே இந்த முறை மூளை வேலை செய்யவில்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் நிதானத்தில் இல்லை என்பதுதான் காரணம். அதையும் ஒளிக்கவில்லை.

1866இல் ஹைன்றிச், அன்னா கெர்த்ரூட் லோமான் என்ற பெண்ணைக் கட்டினார். அன்றிலிருந்து அவர் ஹைன்றிச் லோமான். 1869 வசந்தத்தில் அமெரிக்காவுக்குப் போனவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது, தனி ஆளாக. அந்தச் செப்டெம்பரில் மரியா என்ற குழந்தைக்கு ஞானஸ்நானம். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ‘அமெரிக்காவில்’ என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரருக்குக் கனடாவும் அமெரிக்காதான். அங்கே இறங்கியதும் லோமான் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி வெசெலிங் ஆகிவிட்டார். அதனால்தான் 1871 கணக்கில் அந்த ‘மணமானவரா’ கட்டம் வெறுமையாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு ஒருமுறை பாதர் வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுவார். 1875இல் அன்னா கெர்த்ரூட்டின் பெயருக்கு நேரே ‘கணவன் அமெரிக்காவில்’. 1884இல் வேறு பாதர், வேறு கையெழுத்து, அதே சொல். 1893இலும் அதே. 1897இல் அவள் இறந்தாள். மரணப் பதிவில் விதவை என்று எழுத முடியவில்லை, அவன் செத்ததாக ஒரு செய்தியும் இல்லாதபடியால். ‘அமெரிக்காவில் இருக்கும் லோமானின் மனைவி’ என்று எழுதி அடக்கம் செய்திருக்கிறார்கள். அதை வாசித்ததும் அலுவலகக் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். அவளுக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எமில் ஐயாவுக்குச் சொல்வதா விடுவதா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். மரியாவின் வழியில் வந்தவர்கள் இன்றைக்கும் அந்தப் பண்ணையில்தான் இருக்கிறார்கள். விலாசம் கீழே இருக்கிறது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். 2022இல் இங்கே குடிசனக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். "கலியாணம் முடிச்சனீங்களோ?" என்றாள். "ஓம்" என்றேன். "வீட்டில வேற ஆர் இருக்கினம்?" என்றாள். "ஒருத்தரும் இல்லை. மனுசன் கனடாவில" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அங்கேயும் கணக்கெடுப்பு இருக்கிறதுதானே. நீங்கள் என்ன எழுதினீர்கள்? பொய் சொல்ல வேண்டாம். பொய்யென்றால் எனக்கு விளங்கிவிடும்.

ஜெயமலர்

ஒன்ராறியோ
08.06.2025

அன்புள்ள ஜெயா,

உம்முடைய கடிதத்தை நான்கு நாள் மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். எமிலுக்குச் சொல்லப் பயம். மனுசனுடைய தெய்வத்தை நான் ஏன் உடைக்க வேண்டும் என்றும் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த பிறகு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

பிறகு கேட்டார், "அந்த மனுசிக்கு ஆரும் சொன்னவையோ? இஞ்ச அவனுக்கு ஆறு பிள்ளையள் எண்டு?"

"தெரியாது, ஐயா. சொன்ன மாதிரித் தெரியேல்ல."

"ஒரு கடிதம் போட்டிருக்கலாம். எழுதத் தெரிஞ்ச மனுசன்தானே" என்றார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

குடும்ப பைபிளை எடுத்துவரச் சொன்னார். கத்ரினின் பெயருக்கு மேலே, இருந்த சின்ன இடத்தில் அன்னா கெர்த்ரூட் லோமான் என்று எழுதினார். பக்கத்தில் மரியா. கூடத்துப் படத்தைக் கழற்றவில்லை. "அவனும் எங்கட ஆள்தான், என்ன செய்யிறது" என்றார். லோமான் வீட்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறார். முதல் வரியே மன்னிப்புக் கேட்பதுதான்.

இப்போது நீர் கேட்டதற்கு வருகிறேன். இங்கே மூன்று கணக்கெடுப்பு வந்தது. 2011, 2016, 2021. மூன்றிலும் ‘மணமானவர், பிரிந்திருக்கவில்லை’ என்ற கட்டத்தில்தான் குறியிட்டேன். கடைசி முறை எமில் பக்கத்தில் இருந்தார். "தனியத்தானே இருக்கிறாய்?" என்று கேட்டார். "இல்லை ஐயா, மனுசி ஜெர்மனியில" என்றேன். வேறொருத்தி என் வாழ்க்கையில் இல்லை, ஜெயா. ஒருநாளும் இருக்கவில்லை.

பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்பீர். வீடு வாங்கி உங்களைக் கூப்பிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவன். இரண்டு வருடத்தில் வேலை போனது. அண்ணன் வீட்டு நிலவறையில் படுத்திருந்தேன். நல்ல செய்தி ஒன்று வரட்டும், அதோடு எழுதுவோம் என்று தள்ளினேன். நல்ல செய்தி வரவில்லை. வெட்கம் கூடிக்கொண்டே போனது. பிள்ளை வளர்ந்துவிட்டாள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் சொல்ல எனக்கே சுகமாக இருந்திருக்கும்.

நான் உம்முடைய கணவன் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். வரட்டுமா?

உம்முடைய,
வசந்த்

ஹம்
02.07.2025

வசந்த்,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. கோபத்தில் இல்லை.

நீங்கள் எழுதியதை நம்புகிறேன். வேறொருத்தி இருந்திருப்பாள் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்கும் சுலபம். ஒரேயடியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். இல்லை என்று தெரிந்ததும் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

கனடா அரசாங்கத்துக்கு மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள், ஜெயமலர் என் மனைவி, நாங்கள் பிரியவில்லை என்று. அந்தப் படிவத்தை ஒரு இயந்திரம் வாசித்திருக்கும். அதே வரியை ஒரு தபால் அட்டையில் எனக்கு எழுதியிருந்தால், நிலவறை என்றாலும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். முதல் ஐந்து வருடத்தில் எந்த நாள் கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேன். வீடு வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? நான் கேட்டது தொலைபேசி அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

இப்போது ஏலாது, வசந்த். எனக்குள் அந்த இடம் தூர்ந்துபோயிற்று. அதைத் தோண்டிப் பார்க்க இந்த வயதில் எனக்கு மனமில்லை.

அன்னா கெர்த்ரூட்டுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவள் பெயருக்கு நேரே மற்றவர்கள் எழுதினார்கள், அவள் இருந்தாள். எனக்கு வழி இருக்கிறது. வழக்கறிஞரிடம் போன வியாழக்கிழமை டெர்மின் எடுத்து, கொடுத்த நேரத்துக்குப் போய்வந்தேன். விவாகரத்து விண்ணப்பம் உங்களுக்குப் பதிவுத் தபாலில் வரும். கையெழுத்து வைத்து அனுப்புங்கள், இந்த முறையாவது சுணங்காமல். பாதரிடமும் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு அது போதும்.

நீங்கள் ஜெர்மனிக்கு வர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறது, நாடு என்னுடைய வீடு அல்ல. டோர்ட்மண்டில் ஒரு அறை பார்க்கலாம் என்று சிவானுஜா சொல்கிறாள். அவளுக்கு நவம்பரில் குழந்தை. முதலில் "எனக்கு அப்பா எண்டு ஒராள் இல்லை" என்று கத்தினாள். பிறகு ஒரு கிழமை கழித்து அவளே போன் எடுத்து, "அவருக்கு முழங்கால் நோ எண்டு எழுதினவரெல்லோ, மாடிப்படி இல்லாத அறையாப் பாப்பம்" என்றாள். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடுவே நான் நிற்கப் போவதில்லை. குழந்தைக்கு நீங்கள் அம்மப்பா. அதை எந்த நீதிமன்றமும் மாற்றாது.

எமில் ஐயாவின் கடிதம் லோமான் வீட்டுக்குக் கிடைத்துவிட்டது. அந்த வீட்டு அம்மா அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டா. பதில் எழுதுகிறார்கள். அவருக்குச் சொல்லுங்கள், சந்தோசப்படுவார்.

விமானம் எந்த நாள் என்று எழுதுங்கள். சிவானுஜா வந்து கூட்டிப் போவாள். நான் வர மாட்டேன். அன்றைக்கு மீன்குழம்பும் புட்டும் செய்து அவளிடம் கொடுத்துவிடுகிறேன். இவ்வளவு காலமும் என்னத்தைச் சாப்பிட்டீர்களோ தெரியாது. அதில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை, வசந்த். சாப்பிடுங்கள்.

ஜெயமலர்